மாரிச்செல்வி சிறப்பு ஆங்கிலம் எடுத்த கதை

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், ஆவாரங்கரிசல் சங்கிலிப்பாண்டி மகள் மாரிச்செல்வி இங்கிலீஷில் எண்பத்தாறு மார்க் வாங்கினாள். புதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பாடத்துக்கு முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்குவதுதான் வழக்கம். ஐம்பது வாங்கியவனையே மற்றப் பிள்ளைகள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எண்பத்தாறு என்றதும் தலைமையாசிரியருக்கே சந்தேகம் வந்து, மார்க் பட்டியலைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் பார்த்தார்.

அந்த எண்பத்தாறில் ஒரு மார்க்குகூட இங்கிலீஷ் தெரிந்து வாங்கியது இல்லை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மாரிச்செல்வி. இன்னொருத்தி, ஒரே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்து படித்த பக்கத்து வீட்டு சுப்புத்தாய்.

மாரிச்செல்வி படித்த விதம் அப்படி. சங்கிலிப்பாண்டிக்கு நாற்பது ஆடும் மூன்று குறுக்கம் கரிசல் நிலமும் உண்டு. சனி ஞாயிறுகளில் மாரிச்செல்விதான் ஆடு பத்திக்கொண்டு போவாள். கையில் தொரட்டி, கக்கத்தில் கோவில்பட்டியில் வாங்கிய கைடு. கட்டுரைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பாள். தீபாவளிக் கட்டுரை ஊர் எல்லை உடைமரத்தில் ஆரம்பித்து ஓடைக்கரையில் முடியும். ரயில் பயணம் ஓடையிலிருந்து இருளப்பன் புஞ்சை வரைக்கும். காய்ச்சலுக்கு லீவு கேட்கும் கடிதம் சின்னது. ரெண்டு வேலிக்கருவைக்கு நடுவிலேயே முடிந்துபோகும். குடிதண்ணீர் வரவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு எழுதும் கடிதம்தான் நீளம். அவள் கடைசி வரி சொல்வதற்கும் ஆடுகள் கிணற்றுத் தொட்டியில் வாய் வைப்பதற்கும் சரியாக இருக்கும்.

ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று கைடில் தமிழில் போட்டிருந்தார்கள். அது போதும். எந்த வார்த்தைக்கு எது அர்த்தம் என்று அவள் நோண்டியதில்லை. பரீட்சை ஹாலில் கண்ணை மூடினால் உடைமரம் வரும், ஓடை வரும், கூடவே இங்கிலீஷும் வரிசையாக ஆட்டுமந்தை மாதிரி வந்துவிடும்.

மார்க் வந்த மறுநாளிலிருந்து ஊர் அவளைச் சும்மா விடவில்லை. இங்கிலீஷ் எழுத்து இருக்கிற எதுவாக இருந்தாலும் அவளிடம் வந்தது. பூச்சிமருந்து டப்பா, இன்சூரன்ஸ் கடிதம், டிவியோடு வந்த அட்டை. வாசிப்பது அவளுக்கு நன்றாகவே வரும். வாங்கி மூச்சுவிடாமல் வாசிப்பாள். முடித்துவிட்டு, ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, "இதைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்பாள். எந்தக் காகிதத்துக்கும் இதைவிடப் பழுதில்லாத யோசனை கிடையாது. கோடிவீட்டு முத்துத்தாய் ஒரு பேன் மருந்துச் சீட்டை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஜூலையில் விளாத்திகுளத்தில் பதினொன்றாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தபோதுதான் வினை வந்தது.

அவள் சேர்ந்தது வரலாறு, பொருளியல், வணிகவியல் இருக்கிற பிரிவு. நான்காவது பாடம் சிறப்புத் தமிழ். அந்த வருடம், சிறப்புத் தமிழ் வேண்டாதவர்கள் சிறப்பு ஆங்கிலம் எடுக்கலாம் என்று புதிதாக அறிவித்தார்கள். எடுக்கிறவர்கள் திங்கட்கிழமைக்குள் தகப்பனார் கையெழுத்தோடு தாள் கொடுக்க வேண்டும். அதை நடத்தப் போகிற உமாதேவி டீச்சர் வகுப்புக்கே வந்து விளக்கம் சொன்னார்.

"இதுல மனப்பாடத்துக்கு வேலையே கிடையாது. கைடும் கிடையாது. கட்டுரையை நீங்களாத்தான் யோசிச்சு எழுதணும். வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு நின்னு அஞ்சு நிமிசம் இங்கிலீஷ்ல பேசணும்."

'நல்லவேளை, நாம் தமிழ்' என்று மாரிச்செல்வி நினைத்து முடிப்பதற்குள் டீச்சர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"எண்பத்தாறு யாரும்மா?"

எழுந்து நின்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"உனக்காகத்தான் இந்தப் பாடமே வந்திருக்குன்னு வச்சுக்கோ" என்றார் டீச்சர்.

சாயங்காலம் பஸ்ஸில் சுப்புத்தாய் யோசனை சொன்னாள். "ஏட்டி, பேசாம தமிழை எடுத்துட்டு இரி. நானும் அங்கனதான இருக்கேன்."

"எண்பத்தாறு வாங்குனவ ஏன் எடுக்கலேன்னு கேப்பாவளே."

"எடுத்தா முதல் பரீச்சையிலயே சாயம் வெளுத்துரும்லா?"

"எடுக்காட்டா இப்பமே வெளுத்துரும்."

சுப்புத்தாய் சொன்னாள்: "அப்பம் நீயா வேண்டாம்னு சொல்லாத. வேற ஆரையாது சொல்ல வைய்யி."

மாரிச்செல்விக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டில் அப்பாவோ அம்மாவோ 'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பெண்பிள்ளை விஷயம். சொல்ல மாட்டார்களா என்ன?

அன்றைக்கு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "யப்பா, ஸ்பெசல் இங்கிலீசுன்னு ஒண்ணு வச்சிருக்காவ. ஆனா அதுக்கு எட்டே முக்காலுக்கே பள்ளிக்கூடத்துல இருக்கணுமாம். நம்மூரு பஸ்சு போய்ச் சேரவே ஒம்பதே கால் ஆயிருது. நமக்குத் தோதுப்படாது போலுக்கு."

சங்கிலிப்பாண்டி எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"பால் வண்டி அய்யாத்துரைகிட்ட சொல்லிட்டேன். ஏழு மணிக்கு எடுக்கான். எட்டுக்கெல்லாம் விளாத்திகுளத்துல எறக்கி விட்டுருவானாம். முன்னாடி சீட்டு உனக்குத்தான். அவன் மச்சினனைப் பின்னாடி கேனு மேல உக்காரச் சொல்லிட்டான்."

மாரிச்செல்வி அடுத்தபடியாக அம்மாவிடம் போனாள். பெருமாயி எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பஸ்ஸில் போனால் பயம், நடந்து போனால் பயம்.

"யம்மா, அந்த டீச்சர் ரொம்ப அடிப்பாவளாம்."

"அடிக்கட்டும்" என்றாள் பெருமாயி. "அக்கறை இருக்கப் போயித்தான அடிக்காவ. உங்க பழைய டீச்சரு தூங்குவாவன்னுல்லா கேள்விப்பட்டேன்."

"இங்கிலீசு கூடப் படிச்சா தமிழு மறந்துபோகுமாம்."

"நீ எங்கிட்ட வாய் பேசுத தமிழு மறந்துபோனா இந்த வீட்டுக்கு நல்லதுதாம்ட்டீ."

பெருமாயி அதோடு விடவில்லை. மகளை டீச்சர் அடித்தாலும் மனசு விட்டுப்போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள். எதற்கு என்று பூசாரி கேட்டபோது இங்கிலீசுக்கு என்றாள். அவர் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி இங்கிலீசையும் சேர்த்து அர்ச்சனை செய்தார்.

சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. சங்கிலிப்பாண்டி இரண்டு கிடாக்களைக் கொண்டுபோனார். கிடாக்கள் காலையிலேயே கைமாறிவிட்டன. மனுசர் சாயங்காலம் வரைக்கும் சந்தையை விட்டு நகரவில்லை. பல்லைப் பிடித்து ஆட்டுக்கு வயசு பார்க்கிறவர்களிடம் எல்லாம் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஸ்பெசல் இங்கிலீசாம்லா அண்ணாச்சி. சாதா இங்கிலீசு இல்ல."

"ரெண்டுக்கும் என்னவே வித்தியாசம்?" என்று கேட்டார் ஒருத்தர்.

சங்கிலிப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. "தோசைக்கு என்ன வித்தியாசமோ அதான்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், மகள் எடுத்து நீட்டாமலேயே அவள் பையிலிருந்து தாளை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ச'வில் ஆரம்பித்து 'டி'யில் முடியும் வரை பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பாடம் என்று நிரப்ப வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாரிச்செல்வி ஒரு முடிவுக்கு வந்தாள். திங்கட்கிழமை 'சிறப்புத் தமிழ்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது. வீட்டில், இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்தான். எண்பத்தாறு மார்க்குப் பொய்யோடு இதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆடு பத்திக்கொண்டு போயிருக்க, அவள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது ஓடையோரத்திலிருந்து ஆள் வந்தது. வந்தது பால் வண்டி அய்யாத்துரை. ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு இளைத்தது.

"ஏட்டி மாரி, ஒடனே வா. உங்கய்யா கூப்பிடுதாரு. இங்கிலீசுக்காரன் ஒருத்தன் வந்திருக்கான்."

விஷயம் இதுதான். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்திருந்த காலம் அது. ஆவாரங்கரிசலிலும் அதற்குப் போதுமான காற்று இருக்கிறதா என்று ஒரு வருடம் அளந்து பார்க்க, ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து புறம்போக்கில் உயரமான கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது; அளக்காமலே யாரும் சொல்லியிருக்கலாம். கம்பம் சாயாமல் இருக்க நாலு பக்கமும் முளை அடித்து இரும்புக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பக்கத்து முளை, ஆடுகள் கிணற்றுத் தொட்டிக்குப் போகிற பாதைக்கு நட்ட நடுவில் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை முள். நடுவில் விசிறி மாதிரி ஆறு கம்பிக் கயிறு. நாற்பது ஆடும் தண்ணீர் வாசம் பிடித்துக்கொண்டு முன்னே போக முடியாமல் கத்திக்கொண்டு நின்றன.

வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் மிஸ்ரா என்கிற வடக்கத்திக்காரர். கூட இருந்த ஆட்களும் இந்திக்காரர்கள். தமிழ் தெரிந்த ஒரே ஆளான ஜீப் டிரைவர், பற்றாமல்போன போல்ட்டு வாங்க யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போயிருந்தார். சங்கிலிப்பாண்டி ஒரு மணி நேரமாகப் பாதையைக் காட்டுகிறார், ஆட்டைக் காட்டுகிறார், கத்துகிறார். மிஸ்ரா ஆடுகளைப் பார்த்துச் சிரித்து, "யெஸ், யெஸ், வெரி நைஸ்" என்கிறார். ஆட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறார் என்று நினைத்துவிட்டார் போல.

மாரிச்செல்வி போய்ச் சேர்ந்தபோது ஊரில் பாதி அங்கே நின்றது. வழிவிட்டார்கள். எண்ணெய்த் தலையோடு அவள் நடுவில் போய் நின்றாள். எதிரில் தொப்பி போட்ட அந்த மனிதர். அவர் அவளைப் பார்த்து, அணை திறந்ததுபோல் என்னமோ சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கைடில் இருக்கிற இங்கிலீஷுக்குச் சத்தம் கிடையாது. இந்த மனிதர் பேசியதற்கு எழுத்தே கிடையாதுபோல் இருந்தது.

"என்னத்தா சொல்லுதாரு?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"இருங்கப்பா."

"நம்ம வெவரத்தைச் சொல்லு, தாயி."

வாயைத் திறந்தாள். வாய் திறந்ததும் முதலில் வந்தது காய்ச்சல் லீவு லெட்டர்தான். ரெண்டு வேலிக்கருவைக்கு நடுவில் நின்றதாலும் இருக்கலாம்.

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்."

கூட்டம் அசந்துபோனது. ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. மிஸ்ராவும் அசந்துதான் போனார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். முகமெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக இருந்தது. "ஓ! ஃபீவர்?" என்று பதறிப்போய், ஜீப்புக்கு ஓடி, ஒரு டப்பாவைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"மாத்திரை குடுக்காரு" என்றது கூட்டம்.

"ஆட்டுக்கா?" என்றார் சங்கிலிப்பாண்டி. "ஆடு நல்லாத்தான இருக்கு?"

"பத்திரமா வச்சுக்கோங்கப்பா" என்று மாரிச்செல்வி மாத்திரையை அவரிடம் கொடுத்தாள். காது இரண்டும் சூடேறிப்போயிருந்தன. அடுத்ததாக நீளக் கடிதம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஐ பெக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட் தேர் இஸ் நோ டிரிங்கிங் வாட்டர் இன் அவர் ஸ்ட்ரீட்."

எங்கள் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி முடித்ததும், மிஸ்ரா உருகிவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி ஜீப்புக்குப் போனார். ஆட்களிடம் இந்தியில் என்னமோ சொன்னார். இரண்டு பேர் ஜீப்பிலிருந்து பெரிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஊர்க்காரர்கள் முன்னால் வைத்தார்கள். ஒரு டம்ளரும் வைத்தார்கள்.

தங்கள் ஊருக்கு வந்தவர் தங்களுக்கே தண்ணீர் கொடுப்பதைக் கூட்டம் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றது. முத்துத்தாய் மட்டும் முன்னால் வந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மாரிச்செல்விக்கு அந்த இடத்தில்தான் ஒன்று உறைத்தது. காய்ச்சல் என்றாள், மாத்திரை வந்தது. தண்ணீர் என்றாள், தண்ணீர் வந்தது. சொன்னது சொன்னபடி நடக்கிறது! அப்படியானால் அந்த நீள வாக்கியத்தில், தண்ணீர் இருக்கிற இடத்தில் ஆட்டை வைத்தால்? ஆட்டுக்கும் தண்ணீருக்கும் இங்கிலீஷ் சின்ன வகுப்பிலேயே படித்ததுதான். இதுவரைக்கும் எந்தக் கடிதத்திலும் ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றியது கிடையாது. மாற்றினால் மார்க் போய்விடும். இங்கே மார்க் போடுகிறவர் யாரும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். "தேர் இஸ் நோ..." நிறுத்தினாள். "...கோட் இன் அவர் ஸ்ட்ரீட்."

எங்கள் தெருவில் ஆடே இல்லை.

மிஸ்ரா அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த நாற்பது ஆடுகளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. காலையிலிருந்து வெயிலில் நின்ற மனிதர் பொறுக்க முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. என்ன என்று தெரியாமலே கூட்டமும் சிரித்தது.

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஆட்டைப் பார்த்துச் சிரித்தார் என்றால், ஆடு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆடு இல்லை என்றும் புரிந்துவிட்டது. தப்பு எங்கே? இல்லாதது ஆடு இல்லையே. இல்லாதது பாதை. பாதைக்கு என்ன? ரோடு! ஆட்டுக்குப் பாதை. ஆட்டுக்கு, ஆட்டுக்கு... லீவு லெட்டரில் இரண்டு நாளுக்கு என்பதற்கு எங்கேயோ ஒரு 'ஃபார்' வரும்.

"சார்" என்றாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். "தேர் இஸ் நோ ரோடு... ஃபார் கோட்."

சொல்லிவிட்டு முளையைக் காட்டினாள்.

மிஸ்ராவின் சிரிப்பு நின்றது. முளையைப் பார்த்தார். முள்வேலிக்கு நடுவில் ஆட்டுக் குளம்புத் தடம் பதிந்து பதிந்து பள்ளமாகிக் கிடந்த பாதையைப் பார்த்தார். அது போய் முடிகிற கிணற்றைப் பார்த்தார். "ஓ! ரோடு ஃபார் கோட்ஸ்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கோட் இல்லை, கோட்ஸ். நாற்பது இருந்தால் ஒரு 'ஸ்' சேர வேண்டும். ஒருமை பன்மை என்று கைடில் ஆறு பக்கம் படித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்தில் இந்திக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே முளையைப் பிடுங்கி, பத்தடி தள்ளி முள்ளை வெட்டி, அங்கே இறக்கினார்கள். கம்பிகளில் ஆளுக்குத் தெரியும்படி சிவப்புத் துணி கட்டினார்கள். ஆடுகள் யாருக்கும் நன்றி சொல்லாமல் தொட்டியைப் பார்த்து ஓடின. மிஸ்ரா அவளிடம், "விச் கிளாஸ்?" என்று கேட்டார். கிளாஸ் புரிந்தது. "லெவன்த், சார்" என்றாள். அதற்கு அவர் பேசியதில் பாதிக்கும் மேல் காற்றோடு போய்விட்டது. 'குட்' என்பது மட்டும் இரண்டு தடவை வந்தது.

ஊர் அந்தச் சம்பவத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டது. அய்யாத்துரைதான் விளக்கம் சொன்னான். "முதல்ல காய்ச்சலைச் சொல்லி அவன் மனசை எளக்கிட்டா. பொறவு தண்ணியக் கேட்டு ஆழம் பாத்தா. மூணாவது ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வச்சா. சிரிச்சவன் முடியாதுன்னு சொல்ல முடியுமா? அப்பந்தான் காரியத்தைப் போட்டா. வக்கீலு தோத்தான்!"

சங்கிலிப்பாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. மாரிச்செல்வி மட்டும் அவருக்குப் பின்னால் ஆடுகளோடு நடந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தேர் இஸ் நோ பஸ். தேர் இஸ் நோ மழை. மழைக்கு இங்கிலீஷ் தெரியும், ரெயின். தேர் இஸ் நோ ரெயின் ஃபார் அவர்... கரிசலுக்கு என்ன? தெரியவில்லை. தெரியவில்லை என்பது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இதற்கு முன் எத்தனையோ வார்த்தை தெரியாமல் இருந்திருக்கிறது. ஒன்றுக்காகவும் அவளுக்கு எரிச்சல் வந்தது இல்லை.

திங்கட்கிழமை காலை பால் வண்டியில் உட்கார்ந்தே, குலுங்கலுக்கு நடுவில், கட்டத்தில் 'சிறப்பு ஆங்கிலம்' என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. பஸ்ஸில் பின்னால் வந்து சேர்ந்த சுப்புத்தாய் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? சாயம் வெளுக்கும்னு சொன்னம்லா?"

"வெளுக்கட்டும். நானே போயி வெளுத்துட்டு வாரேன்."

ஆசிரியர்கள் அறைக்குப் போய், தாளை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "டீச்சர், எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்பத்தாறும் மனப்பாடம்."

உமாதேவி டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை. "இது வரைக்கும் எட்டுப் பேர் தாள் குடுத்திருக்காங்க. எட்டுப் பேரும் இங்கிலீஷ் நல்லா வரும்னு சொல்லிருக்காங்க. எனக்கு பயமா இருக்கு. நீ ஒருத்தியாவது உள்ளதைச் சொன்னியே. தாளை வச்சுட்டுப் போ."

நடந்தது அப்படியொன்றும் வெற்றிக்கதை இல்லை. முதல் பரீட்சையில் மாரிச்செல்வி நூற்றுக்கு இருபத்திரண்டு வாங்கினாள். அப்பா மார்க்கைக் கேட்டபோது, "ஸ்பெசல்ல இவ்வளவுதான்ப்பா போடுவாவ" என்றாள். சங்கிலிப்பாண்டி அதை நம்பி, சந்தையில் இருபத்திரண்டையும் பெருமையாகவே சொன்னார். ஐந்து நிமிடம் பேச வேண்டிய வாரத்தில், ஆட்டைப் பற்றிப் பேச எழுந்து, "கோட்ஸ் ஆர் ஃபார்ட்டி" என்று தொடங்கி அதற்கு மேல் போக முடியாமல் நின்றாள். அடுத்த மாதம் அதே ஆட்டைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். நோய், தீவனம், சந்தை என்று வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எப்போதும் மூன்றாவது நிமிடத்தில் இலக்கணம் காலை வாரிவிடும். விழுந்த இடத்திலிருந்தே பேசிக்கொண்டு போவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தில் இருநூறுக்கு நூற்றுப் பதினொன்று. சிறப்புத் தமிழ் எடுத்த சுப்புத்தாய்க்கு நூற்று எழுபத்தெட்டு. அந்த வித்தியாசத்தில் சுப்புத்தாய்க்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. மாரிச்செல்விக்குக் கிடைக்கவில்லை. அவளும் அதற்குத்தான் ஆசைப்பட்டிருந்தாள். இரண்டு நாள் அழுதாள். சுப்புத்தாய் வந்து, "நான் சொல்லலையா" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்காக மாரிச்செல்வி அவளை இன்று வரைக்கும் மறக்கவில்லை.

கோவில்பட்டியில் கல்லூரியில் பி.ஏ. முடித்தாள். இரண்டாயிரத்து ஏழில் குளத்தூர்ப் பக்கம் ஒரு உப்புக் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. உப்பு பாக்கெட் போட்டு வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்புகிற இடம். வெளியூர்க்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசவும் கடிதம் எழுதவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. நேர்முகத்துக்கு வந்த மற்ற மூன்று பேர் இவளைவிடச் சுத்தமாக இங்கிலீஷ் பேசினார்கள். ஆனால் எதிர்முனையில் ஒருவன் திட்டுவதுபோல முதலாளி பேசிக் காட்டியபோது மற்றவர்கள் 'சாரி' என்றார்கள். மாரிச்செல்வி பதிலுக்குப் பேசினாள்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, பக்கத்து ஊரில் கிடாய் பார்க்க வந்த சங்கிலிப்பாண்டி மகளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அலுவலகத்துக்கு வந்தார். ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். டீ வந்தது. அப்போது போன் அடித்தது. மாரிச்செல்வி எடுத்தாள். ஐந்து நிமிடம் கேட்டாள். பிறகு அவள் முறை. கையை ஆட்டிக்கொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டு, நடுநடுவே 'லிசன், லிசன்' என்று நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு இங்கிலீஷ் கொட்டியது. சங்கிலிப்பாண்டி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் போனை வைத்ததும் மெதுவாகக் கேட்டார்.

"என்ன தாயி, எதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லப்பா. மழையில லாரி தார்ப்பாயை ஒழுங்காப் போடலை, உப்பு நனைஞ்சு போச்சாம். நம்ம மேல தப்பு இல்ல, லாரிக்காரன்கிட்டக் கேளுன்னு சொன்னேன்."

சங்கிலிப்பாண்டி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"நனைஞ்சு போச்சுங்கதுக்கு இம்புட்டு இங்கிலீசா?" என்றார். "அப்பம் உப்பே காணாமப் போயிருந்தா எம்புட்டு ஆகும்?"

முதலாளி அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குள் போன் மறுபடியும் அடித்தது. "இருங்கப்பா, அவந்தான்" என்று சொல்லிக்கொண்டே மாரிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எடுத்தாள்.